எம்டன் 1:250: சென்னையை விட்டு டியாகோ கார்சியா வரை

முதல் உலகப் போரில் இந்தியப் பெருங்கடலில் திரிந்த ஜெர்மன் க்ரூசர் (வேகமான போர்க்கப்பல்) எம்டனை, அசலில் 250இல் ஒரு பங்காக, அட்டையில் மாதிரி செய்துவருகிறேன். உடல்கூடு ஒட்டி, ப்ரைமரும் அடித்தாயிற்று. எந்த நாளின் எம்டனைச் செய்வது என்று முடிவெடுக்காமல் இதற்கு மேல் எதையும் ஒட்ட முடியாது. ஒரே கப்பல்தான், ஆனால் 1914இல் அதன் தோற்றம் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறியது. ஜூலை வரை வெள்ளை உடலும் காவி மஞ்சள் புகைபோக்கிகளுமாக இருந்தது. சண்டை வந்ததும் முழுக்கச் சாம்பல் நிறம். அப்புறம் மூன்று புகைபோக்கி சில நாள், நான்கு சில நாள். கடைசியாக, நவம்பர் 9 மதியம் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் பவளப்பாறையில் ஏறி நின்ற இரும்புக் குவியல்.

சென்னைக்காரன் செய்கிறான் என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது செப்டம்பர் 22 இரவைத்தான். நானும் அதை நினைத்துத்தான் அட்டையை வெட்டினேன். துறைமுகத்துக்கு எதிரே இரண்டரை, மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட இரவு. அரைமணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உட்பட குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் மாதிரியாக யோசித்தால் அந்த இரவில் ஒன்றும் இல்லை. இருட்டில் ஒரு கறுப்பு உருவம், அவ்வளவுதான். கப்பலையும் தொட்டியையும் சரியான தூரத்தில் வைக்கலாமென்று கணக்குப் போட்டேன். 1:250இல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வருகிறது. கப்பல் என் ஹாலில் நின்றால் பர்மா ஆயில் கம்பெனி எதிர் ஃபிளாட்டில் நிற்க வேண்டும்.

அதனால் சென்னையை விட்டுவிட்டேன். அக்டோபர் 9, 10 தேதிகளை எடுத்துக்கொண்டேன். இடம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் டியாகோ கார்சியா தீவு.

அளவுகள்

அசல் எம்டன் 118.3 மீட்டர் நீளம், 13.5 மீட்டர் அகலம். டான்ஸிக் அரசுக் கப்பல் தளத்தில் கட்டி 1908 மே மாதம் நீரில் இறக்கினார்கள். என் மாதிரி 47.3 செ.மீ. நீளம், 5.4 செ.மீ. அகலம். உள்ளே ஒரு மி.மீ. அட்டையில் குறுக்குச் சட்டங்கள், வெளியே கால் மி.மீ. அட்டையில் தோல். நடுப்பகுதி சுலபம். அணியம்தான் (கப்பலின் முன்முனை) படுத்தியது. அந்தக் காலத்து ஜெர்மன் க்ரூசர்களின் அணியம், மேலே பின்வாங்கி நீர்மட்டத்துக்குக் கீழே முன்னால் துருத்தி நிற்கும். அட்டை இரண்டு பக்கமாக ஒரே நேரத்தில் வளையாது. ஆகவே குறுகிய பட்டைகளாக வெட்டி ஒட்டி, மேலே புட்டி பூசி, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அட்டையில் தண்ணீர் படாமல் தேய்க்க, முதலில் அதன் மீது ஃபெவிக்விக்கை ஊறவிட்டு இறுக வைத்தேன். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், கண்ணைக் கரிக்கும்.

கப்பலை நீர்மட்டத்தோடு வெட்டாமல் அடிப்பகுதியையும் சேர்த்தே செய்தேன். டியாகோ கார்சியாவில் அதற்குத்தான் வேலை.

பீரங்கிகள்

பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள். முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. எந்தப் பக்கம் திரும்பிச் சுட்டாலும் ஐந்துதான் வேலை செய்யும்.

குழாய்க்குப் பொருத்தமான பொருள் மருந்துக்கடையில் இருக்கிறது. 10.5 செ.மீ. துளையை 250ஆல் வகுத்தால் 0.42 மி.மீ. 22ஜி ஊசியின் உள்துளை 0.41. வெளி விட்டமும் முக்கால் மி.மீ.க்குப் பக்கத்தில் இருப்பதால் வாய்ப்பக்கம் கச்சிதமாக அமைகிறது. குழாயின் முழு நீளம் 16.8 மி.மீ., அதில் கவசத்துக்கு வெளியே தெரிவதை மட்டும் வெட்டினால் போதும். அரத்தின் ஓரத்தால் சுற்றிலும் கீறி ஒடித்தால் துளை நசுங்காது. புது ஊசி வாங்குங்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கவசத்தை அட்டையில் மடித்தேன். பத்தும் ஒரே மாதிரி வர ஒரு மரத்துண்டை அச்சாகச் செதுக்கி அதன் மேல் மடித்தேன். பொறுமையைச் சோதிக்கிற வேலை, எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

பீரங்கியைச் செய்யும்போதுதான் கோகோஸில் நடந்த கடைசிச் சண்டையின் கணக்கு கையில் உறைக்கிறது. எம்டனின் குண்டு 16, 17 கிலோ. எதிரே வந்த ஆஸ்திரேலிய க்ரூசர் சிட்னியின் ஆறு அங்குலக் குண்டு 45 கிலோ. எம்டன்காரர்கள் முதலில் சரியாகத்தான் சுட்டார்கள், சிட்னியின் தூரமானியை ஆரம்பத்திலேயே உடைத்தார்கள். அந்தப் பக்கம் இறந்தவர்கள் நான்கு பேர். இந்தப் பக்கம் 134.

கரி

எம்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள் கேப்டன் கார்ல் ஃபான் ம்யூல்லரின் தந்திரத்தையும் கண்ணியத்தையும் பேசுவார்கள். இரண்டும் உண்மைதான். இந்தக் கப்பலைச் செய்யச் செய்ய எனக்குக் கரிதான் பெரிதாகத் தெரிகிறது. பன்னிரண்டு கொதிகலன்கள், எல்லாம் கரியில் ஓடுபவை. அறைகளை நிரப்பினால் 860 டன். பன்னிரண்டு நாட் (மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல்) வேகத்தில் மெதுவாகப் போனால் நாலாயிரம் கடல் மைல்கூடத் தாண்டாது, வேகமெடுத்தால் அதில் பாதிகூட மிஞ்சாது. இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகமும் இல்லை. ஆக ம்யூல்லர் பிடித்த ஒவ்வொரு கப்பலிலும் முதலில் கேட்ட கேள்வி உள்ளே என்ன கரி என்பதாகத்தான் இருந்திருக்கும்.

கரியிலும் தரம் உண்டு. செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் பிடித்த கிரேக்கக் கப்பல் போன்டோபோரோஸில் இருந்தது வங்காளக் கரி. சூடு குறைவு, புகை அதிகம். ஒளிந்து திரிகிற கப்பலுக்குக் கரும்புகையைப் போல எதிரி வேறில்லை. செப்டம்பர் 27 அன்று பியூரெஸ்க் மாட்டியது. ஆறாயிரம் டன்னுக்கு மேல் முதல் தர வேல்ஸ் கரி, அதுவும் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹாங்காங் போய்க்கொண்டிருந்தது. எம்டனுக்கு அன்று கிடைத்த அதிர்ஷ்டத்தைச் சென்னையில் எரிந்த எண்ணெயோடு ஒப்பிட்டால், எனக்கு பியூரெஸ்க்தான் பெரிது.

நடுக்கடலில் கரி ஏற்றுவது கொடுமையான வேலை. இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்ட வேண்டும். அலையில் இரண்டும் மோதும், தகடு நசுங்கும், கைப்பிடிக் கம்பி முறியும். வெப்பமண்டல வெயிலில் மாலுமிகள் எல்லோரும் மூட்டை தூக்க வேண்டும். அறைகள் நிரம்பிய பிறகும் விடமாட்டார்கள், மேல்தளத்தில் குவிப்பார்கள். டியாகோ கார்சியாவில் அமைதியான குடா கிடைத்தது, அங்கே பியூரெஸ்கிலிருந்து ஏற்றினார்கள்.

ஆகவே என் எம்டனின் தளம் சுத்தமாக இருக்கக் கூடாது. தெருமுனை இஸ்திரி வண்டியில் ஒரு கைப்பிடி கரி கேட்டு வாங்கி, இடித்து, டீ வடிகட்டியில் சலித்தேன். ஃபெவிகாலில் நிறையத் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டினேன். மரக்கரி மங்கலாக இருக்கும், வேல்ஸ் கரி பளபளக்கும். குவியலின் மேல்பக்கத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷைத் தொட்டு வைத்ததும் சரியாக வந்தது. மூட்டைகள் மூன்று மி.மீ. உயரம், மாவைப் பிசைந்து உருட்டியவை. தளத்துக்கு நான் தேர்ந்தெடுத்து வாங்கிய தேக்கு நிறம் இப்போது பாதி மறைந்துவிட்டது. வெளியே தெரிகிற பாதியிலும் கரித்தூள் மிதிபட்ட கறையைப் பூசினேன். வீட்டில் பார்த்தவர்கள் "இவ்வளவு நாள் செய்ததை அழுக்காக்கிட்டியே" என்றார்கள்.

நான்காவது புகைபோக்கி

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அந்தக் கடலில் திரிந்த பிரிட்டிஷ் க்ரூசர் யார்மத்துக்கு நான்கு. ஆகவே ஒரு போலியைச் செய்து முதல் புகைபோக்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். முதலில் செய்தது தட்டையான துணிதான். பக்கவாட்டில் பார்த்தால் புகைபோக்கி, நேரெதிரில் பார்த்தால் ஒரு கோடு. பிறகு மரச் சட்டம் வைத்து உருண்டையாகச் செய்தார்கள். அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அது நின்றது. ரஷ்யக் க்ரூசர் ஜெம்சுக் மூழ்கியது, வெளியே வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் முஸ்கேயும் மூழ்கியது. கோகோஸில் அதே வித்தை பலிக்கவில்லை. தந்தி நிலையத்துக்காரர்கள் துணியை அடையாளம் கண்டு செய்தி அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. எம்டன் டியாகோ கார்சியாவை விட்டுக் கிளம்பி இரண்டே நாளில், அக்டோபர் 12 அன்று, ஆரம்பத்திலிருந்து அதற்குக் கரி சுமந்து வந்த மார்கோமானியாவை சுமத்ராவுக்கு அருகே மூழ்கடித்தது உண்மையான யார்மத்.

டியாகோ கார்சியாவில் போலி நின்றிருக்கத் தேவையில்லை. அதைப் பிரித்துத் தளத்தில் படுக்க வைத்தேன். தீக்குச்சியைச் சீவி மெல்லிய சட்டங்கள், அதன் மேல் கைக்குட்டை கிழித்த மல் துணி. இந்த அளவில் மல் துணியின் இழைகூடத் தடிமனாகத் தெரிந்தது. கடைசியில் டிஷ்யூ தாளை ஒரே ஒரு அடுக்காகப் பிரித்து ஒட்டினேன், மடிப்புகள் துணிபோலவே விழுந்தன. இன்னொன்றையும் நிற்கிற மாதிரி செய்து அடியில் சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். பினாங்கு வேண்டும் என்பவர்களுக்கு நிறுத்திக் காட்டலாம்.

செண்பகராமன் பிள்ளை உருவம்?

மேல்தளத்தில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையையும் நிறுத்துவாயா என்று கேட்காத ஆளில்லை. நிறுத்த மாட்டேன். அவர் அந்த மாதம் ஐரோப்பாவில் இருந்தார். எம்டனில் வந்து சென்னை மீது குண்டு போட்டார் என்பது நாம் ஆசைப்பட்டு வளர்த்த கதை. கப்பலில் இருந்த ஆசியர்கள் சீனச் சலவைத் தொழிலாளர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவரைத் துணி காயப்போடுகிறவராகப் பின்தளத்தில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்கும் க்ரூசருக்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1966இல் அவரது அஸ்தி கொச்சிக்கு வந்தது ஐ.என்.எஸ். டெல்லியில். அந்த டெல்லிதான் 1939 டிசம்பரில் அகிலீஸ் என்ற பெயரோடு தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் ஜெர்மனியின் போர்க்கப்பல் கிராஃப் ஷ்பேயை எதிர்த்துச் சுட்ட கப்பல். கிராஃப் ஷ்பே என்ற பெயரோ, எம்டன் சேர்ந்திருந்த கிழக்காசியப் படையின் தலைவருடையது. அடுத்த மாதிரி டெல்லியாக இருக்கலாம்.

சாய்ந்து நிற்கிற கப்பல்

டியாகோ கார்சியாவுக்கு வந்தபோது, சீனாவில் அன்று ஜெர்மனி வசம் இருந்த சிங்தாவோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி) பிடித்தால் வேகம் குறையும், அதே வேகத்துக்குக் கூடுதல் கரி எரியும். உலர்துறைக்கு (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுது பார்க்கும் இடம்) போக வழியில்லை. ஒரு பக்க அறைகளில் தண்ணீர் நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, மறுபக்கம் மேலெழும் அடிப்பாகத்தைச் சுரண்டினார்கள். பிறகு பக்கம் மாற்றினார்கள். தீவில் இருந்தவர்கள் தேங்காய்த் தோட்டக்காரர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கப்பல் வரும் இடம், சண்டை ஆரம்பித்த சேதியே அவர்களுக்கு எட்டவில்லை. ஜெர்மானியர்களும் சொல்லவில்லை. போகிற போக்கில் தோட்ட மேலாளரின் மோட்டார் படகைப் பழுது பார்த்தும் கொடுத்தார்கள்.

மாதிரியில் ஐந்து டிகிரி சாய்வு கொடுத்தேன். பாதி அகலம் 6.75 மீட்டர் என்றால் ஒரு பக்கம் சுமார் 60 செ.மீ. மேலே வரும். 1:250இல் இரண்டரை மி.மீ.கூட இல்லை! அந்த மெல்லிய சிவப்புப் பட்டைக்காகத்தான் அடிப்பகுதி முழுவதையும் செய்தேன். இன்னும் சாய்த்தால் நன்றாகத் தெரியும், ஆனால் மூழ்குகிற கப்பலாகிவிடும். பட்டையில் பாதியைச் சுரண்டிய சிவப்பாகவும் பாதியைப் பச்சையும் வெள்ளைப் புள்ளியுமாகவும் விட்டேன். கொட்டலசுக்கு டால்கம் பவுடர் தூவினேன்.

தண்ணீருக்கு ரெசின் ஊற்றப் பயந்து, நீலப்பச்சை பூசிய தகட்டின் மேல் பளபளப்பு ஜெல்லை விரலால் தட்டித் தட்டி வைத்தேன். குடாவுக்குள் அலை கிடையாது, அதனால் அதுவே போதும். படகுகளில் நின்று சுரண்டுகிற ஆட்கள் ஏழு மி.மீ. உயரம். செம்புக் கம்பியில் கையும் காலும் முறுக்கியாயிற்று, சட்டைக்கு வண்ணம் பாக்கி. இரண்டு கொடிமரங்களுக்கும் இழுக்க வேண்டிய கம்பிகளை ஊதுவத்திச் சூட்டில் இழுத்த பிளாஸ்டிக் இழையில் செய்து வருகிறேன். முன்மரம் முடிந்தது. பின்மரமும் கொடியும் மிச்சம்.