ஆயித்தியமலை மாதாவுக்கு அம்மாட நேர்த்தி

இந்த நேர்த்தி என்ட இல்ல, அம்மாட. எனக்குத் தொண்டையில தைரொய்ட் கட்டி வந்து ஒப்பரேசன் செய்யத்தான் வேணும் எண்டு முடிவானப்ப டொக்டர் சொன்ன ஒரு வசனம் வீட்டில எல்லாரையும் உலுக்கிப் போட்டுது, குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்தாலயே ஓடுது, கவனமாத்தான் செய்வம், எண்டாலும் குரல் அடைக்கிறதுக்கு இடமிருக்கு எண்டு. நான் கோயில் கோயிலாப் போய் பேசுறவன். சுவாமிமார் கூப்பிட்டா தியானம், செபக்குழு கூப்பிட்டா இறைவார்த்தை, ஒரு கிழமை தன்னாமுனை, மறுகிழமை வாழைச்சேனை, அதுக்கடுத்தது கல்முனை திரு இருதயநாதர் கோயில், மறுகா திருக்கோவில் பக்கம் எண்டு பஸ்ஸிலயே பாதி நாள் போயிரும். பைபிளும் ஒரு சட்டையும் தண்ணிப் போத்தலும் எப்பவும் பேக்கில ரெடியா இருக்கும். அப்பிடிப்பட்டவனுக்கு குரல் போனா என்ன மிச்சம் சொல்லுங்க.

ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா கன நாளா காத்துத்தான் வந்துது, சத்தம் வரல்ல. போன் வந்தா எடுக்க மாட்டன். அந்த நேரம் அம்மா ஆருக்கும் சொல்லாம நேந்திருக்கா, குரல் திரும்பினா மகன் ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்தே வருவான் எண்டு. குரல் திரும்பி தாண்டவன்வெளியில ஒரு செபக்கூட்டத்தில முதல் தரம் பேசிட்டு வந்து நிக்கிறன், அண்டைக்குத்தான் சொல்றா, "மனே, நான் மாதாவோட ஒரு கதை கதைச்சு வச்சிரிக்கன், என்ட முழங்கால் ஏலாது, நீதான் போகணும்." அவட செபப்புத்தகத்துக்குள்ள இருந்த சதா சகாய மாதா படம் ஒண்டையும் எடுத்துத் தந்தா, ஓரமெல்லாம் தேஞ்சு நடுவில மடிப்பு விழுந்த படம்.

செப்டெம்பர்ல திருநாள். முதல் நாள் விடிய முன்னமே மட்டக்களப்பு டவுன்ல புளியந்தீவு மரியாள் கோயில் வாசல்ல முழங்கால் போட்டுட்டு வெளிக்கிட்டம், நானும் மச்சானும் பக்கத்து வீட்டு அக்காமார் ரெண்டு பேரும் கொஞ்சம் பொடியன்மாரும். இருவது கிலோமீட்டருக்கு மேல நடை. வலையிறவுப் பாலத்தில ஏறக்குள்ள வெளிச்சம் வந்துது, கீழ ஆத்துக்குள்ள ஒராள் தோணியில நிண்டு வலை வீசுறார், நாங்க செபமாலையில துக்க தேவரகசியம் சொல்லிக்கொண்டு போறம். பாலத்தைத் தாண்டினா படுவான்கரை, ஆத்துக்கு மேற்குப் பக்கம். கடல் பக்கத்து எழுவான்கரையில பிறந்து வளந்த எங்களுக்கு அந்தப் பக்கத்து வெயில் வேற வெயில். வவுணதீவு கழிஞ்சு போகப் போக வெட்டு முடிஞ்ச வயல், கச்சான் காத்து முகத்தில அடிக்குது, நிழலுக்கு ஒரு மரம் வாறதுக்கு எவ்வளவோ தூரம் நடக்கணும். ரோட்டோரம் ஒரு இடத்தில யானை லத்தி ஈரம் காயாமக் கிடந்துது. பொடியன்மாருட பகிடி அதோட நிண்டுட்டு, செபமாலைச் சத்தம் கூடினது. அந்தப் பக்கத்துச் சனம் ஒவ்வொரு ராவும் இதோடதான் சீவிக்கிது, யானை வேலிக்குள்ள வந்து வாழையை முறிச்சு ஆளையும் அடிச்சிட்டுப் போகுது, நாங்க ஒரு நாள் நடந்துட்டு வந்திருவம், அவங்க எங்க போறது.

நடக்கக்குள்ள எனக்கு யோசவ்வாஸ் முனிவர்ர ஞாபகம்தான். 1687ல யாழ்ப்பாணப் பக்கம் வந்திறங்கி, கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் பிடிச்சா தொலைஞ்சுது எண்ட காலத்தில, ஒளிச்சு ஒளிச்சு இந்த நாடு முழுக்க நடந்தே பூசை வச்ச மனுசன். 2015ல பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடல்ல அவருக்குப் புனிதர் பட்டம் குடுத்தத நாங்க டீவியில பாத்து அழுதம். அவரைப் பத்தி நான் எத்தினையோ மேடையில பேசியிருக்கன், ஆனா அந்தக் கால் எப்பிடி எரிஞ்சிருக்கும் எண்டது தார் ரோட்டுச் சூடு ஏறினப்பதான் எனக்கு விளங்கினது.

அப்பத்தான் என்ட செருப்பு வார் அறுந்துது. கடை கண்ணி ஒண்டும் இல்லாத இடம். ஒரு காலால இழுத்து இழுத்து நடக்கிறன், ரோட்டோர வீட்டு வளவுக்குள்ள இருந்து ஒரு ஐயா பாத்துட்டார். நெத்தி நிறைய திருநீறு, வளவு மூலையில ஒரு வைரவர் சூலம். கேக்காமலே செருப்பை வாங்கிட்டுப் போய் கம்பித் துண்டு ஒண்டை வாருக்குள்ளால விட்டு முறுக்கி, கால்ல குத்தாம கம்பி நுனியைக் குறட்டால மடக்கி, தன்ட கால்ல போட்டு நாலு எட்டு நடந்து பாத்துட்டுத்தான் என்னட்டத் தந்தார். அதுக்குள்ள அவர்ர பெஞ்சாதி எல்லாருக்கும் மோர் கொண்டு வந்திட்டா, உள்ளியும் கறிவேப்பிலையும் போட்ட எருமைத் தயிர் மோர், அந்த ருசியை எப்பிடிச் சொல்ல. நன்றி ஐயா எண்டன். "தாய்ட்டப் போற புள்ளைக்கு நன்றி என்னத்துக்கு, எங்கட பேரப்புள்ளைக்குக் காக்கை வலி வருது, அவட பேரைச் சொல்லி ஒரு திரி கொளுத்திடு" எண்டார். அவ்வளவுதான் கேட்டார்.

கோயிலடிக்கு வந்து சேந்தா சனமோ சனம். வாசல்ல பேக்கெல்லாம் திறந்து பாத்துத்தான் விடுறாங்க. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இது பழகிட்டு, எண்டாலும் ஒவ்வொரு தரமும் சீயோன் தேவாலயத்துப் புள்ளைகள்ர முகம்தான் மனசில வருது, ஞாயிறு வகுப்புக்குப் போன புள்ளைகள், ஆண்டவரே. வரிசையில நிண்டு பேக்கைக் காட்டுறதுக்கு நான் ஒரு நாளும் முறுமுறுக்க மாட்டன். ஆனா மத்ததுக்கு வயிறு எரியுது. ரோட்டை மறிச்சு நிண்டு திரி வாங்கு திரி வாங்கு எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறது, மோட்டச்சைக்கிள் விடுறதுக்கு மரநிழலுக்கும் காசு, நடந்து வந்த கிழவிமாரட்டத் திரும்பிப் போற வேனுக்கு நினைச்ச காசு கேக்கிறது. கோயில் முத்தத்திலயே விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஸ்பீக்கரை அலற விட்டுருக்கார், உள்ளுக்க நவநாள் செபம் ஓடுது. எல்லாத்தையும் விட, மாதாவுக்கு முன்னால போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கிற ஆக்கள், பின்னுக்கு நிக்கிற சனம் கையைத்தான் பாக்குது, மாதாவைப் பாக்கேலாது.

முன்னுக்குப் போய்ச் சேரவே கன நேரம் எடுத்துது. எனக்கு முன்னால ஒரு மனிசி, வயசு போனவ, பொட்டு வச்சிருந்தா, கையில நாலு செவ்வரத்தம்பூ. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மாதாவோட கதைக்கிறா, செபம் இல்ல, சும்மா கதை. "என்ன கா தாயே, போன வருசம் கேட்டன், நீ தரல்ல. இந்த வருசமும் வந்திரிக்கன். தந்தாலும் வருவன், தராட்டியும் வருவன், எனக்கு வேற ஆரு கா இரிக்கா." சொல்லிட்டுப் பூவை வச்சிட்டு அவ பாட்டுக்குப் போறா. தொண்டர் பொடியன் நகருங்க நகருங்க எண்டு சொல்லிக்கொண்டே இருக்கான், எனக்குக் கால் நகரல்ல. விசுவாசத்தைப் பத்தி மணித்தியாலக் கணக்காப் பேசுறவன் நான், யோபு, கானானியப் பெண், எல்லாம் வாயில இருக்கும். அதில நிக்கக்குள்ள ஒரு வசனமும் வரல்ல. அம்மா தந்த படத்தைக் கையில எடுத்தன். அந்தப் படத்தை எல்லாருக்கும் தெரியும், ரெண்டு பக்கமும் மிக்கேல் சம்மனசும் கபிரியேல் சம்மனசும் இயேசு சிலுவையில பாடுபட்ட ஆயுதங்களைக் காட்டுறாங்க, குழந்தை பயந்து ஓடி வந்து தாய்ர கையைப் பிடிச்சிருக்கு, ஓடி வந்த வேகத்தில ஒரு கால் செருப்புக் கழண்டு வார்ல தொங்குது. எத்தினையோ கூட்டத்தில நான் இந்தப் படத்தை விளங்கப்படுத்தியிருக்கன், உரோமையில இருக்கிற மூலப்படத்தை 1866ல இரட்சகர் சபைக் குருமார்ர அல்போன்சியார் கோயில்ல வச்ச கதையெல்லாம் சொல்லுவன். அண்டைக்கு அந்தத் தொங்குற செருப்பையும் என்ட கால்ல கம்பி போட்ட செருப்பையும் பாத்தன், அவ்வளவுதான், கண்ணால ஓடத் தொடங்கிட்டு. அம்மா வரச் சொன்னா தாயே, வந்திட்டன், எண்டுதான் வாயில வந்துது. தொண்டை கரகரத்துது, ஆனா சத்தம் வந்துது, அந்தச் சத்தமே அவ தந்ததுதானே.

மறுகா திரி கொளுத்தப் போனம். அங்கயும் ஒரு பிரச்சினை, இடம் காணாது எண்டு கால்வாசி எரியாத திரியையும் அணைச்சுப் பெட்டிக்குள்ள போடுறாங்க. சனம் தொகைதான், விளங்குது, ஆனா ஒரு வீட்டிட கண்ணீர்தானே அந்தத் திரி. அம்மாட திரியை நூத்தப்ப ஒண்டும் சொல்லல்ல. அந்த ஐயாட பேரப்புள்ளைக்குக் கொளுத்தினத மட்டும் விடல்ல. "தம்பி, இது காக்கை வலி வாற புள்ளைக்கு, எரிஞ்சு முடியட்டும்" எண்டு கேட்டன், அந்தப் பொடியனும் நல்லவன், ஓரமா ஒரு கல்லைக் காட்டி அதில வைக்கச் சொன்னான். காத்தில நூந்திராம மச்சானும் நானும் மாறி மாறிக் கையால மறைச்சுக்கொண்டு அது முடியுமட்டும் நிண்டம், மச்சானுக்குப் பசி, எண்டாலும் ஒரு வார்த்தை பேசல்ல.

ராவு கோயில் முத்தத்திலயே பாய் விரிச்சுப் படுத்தம், விடியக் கூட்டுப் பூசை, சுரூபம் சுத்தி வந்துது, என்ன பாட்டுப் பாடினாங்க, எந்தச் சுவாமி பிரசங்கம் வச்சார் எண்டெல்லாம் கேட்டா எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது. மாதாவே நன்றி, குரலுக்கு நன்றி, அம்மாக்கு நன்றி, அந்த டொக்டர்ர கைக்கு நன்றி, மோர் தந்த அம்மாக்கும் கம்பி முறுக்கின ஐயாக்கும் நன்றி, நேர்த்தியைத் தலையில போட்ட அம்மாட முழங்காலையும் பாரும் தாயே, எண்டுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிண்டன். வரக்குள்ள வேனை அந்த வீட்டடியில நிப்பாட்டி, கோயில்ல வாங்கின மாதா படம் ஒண்டை ஐயாட்டக் குடுத்தன். அந்தப் புள்ளையும் நிண்டா, ஆறேழு வயசிருக்கும், படத்தை வாங்கின உடனே "செருப்பு விழப் போகுது" எண்டா.

வாற கிழமை சொறிக்கல்முனை திருச்சிலுவைக் கோயில்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் கம்பிச் செருப்போடதான் போகப் போறன், பொட்டு வச்ச அந்த மனிசி மாதாவோட கதைச்சதத்தான் முதல்ல சொல்லப் போறன். கல்முனைப் பக்கத்தால வாற ஆக்கள் கிட்டங்கி ரோட்டால வாங்க, மாரியில எண்டாத்தான் அந்த ரோட்டுத் தாம்போதியை வெள்ளம் மூடும், இப்ப தண்ணி இல்ல.