பிச்சிஞ்சா சரிவில் ஒரு கருமார்புச் சிட்டைத் தேடி

ஈக்வடாரின் தலைநகர் கித்தோவிலிருந்து நோனோ போகும் சாலையைப் பிடித்தால் பிச்சிஞ்சா எரிமலையின் வடமேற்குச் சரிவு வந்துவிடும். வழிநெடுக மேய்ச்சல் நிலம், உருளைக்கிழங்கு வயல், மீண்டும் மேய்ச்சல் நிலம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் யானகோச்சா காப்பகத்தின் வாசலை அடைந்த பிறகுதான் காடு என்று சொல்லும்படி ஏதோ கண்ணில் படுகிறது.

இவ்வளவு தூரம் வந்தது கருமார்புப் பஞ்சுக்கால் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஒன்றுக்காக. உள்ளூரில் சமர்ரிட்டோ பெச்சிநெக்ரோ என்கிறார்கள். 2005-இல் கித்தோ நகரம் இதைத் தன் அடையாளப் பறவையாக அறிவித்தது. உலகத்தில் இன்று வாழ்பவை சில நூறுகூடத் தேறாது என்பதுதான் பொதுவான கணிப்பு. பழைய அருங்காட்சியகப் பெட்டிகளிலோ நூற்றுக்கும் மேற்பட்ட பதப்படுத்திய உடல்கள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் இந்த மலையில் தாராளமாகவே திரிந்திருக்க வேண்டும். 1950-க்குப் பிறகு முப்பது வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 1980-இல்தான் மீண்டும் தென்பட்டது.

காப்பகப் பாதை மலையின் இடுப்பைச் சுற்றி அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல் போகிறது. இருபுறமும் ஆளுயரத்தைச் சற்றே தாண்டிய, முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரங்கள். கிளை தெரியாத அளவுக்குப் பாசி. மேகத்திலிருந்து அது உறிஞ்சிய நீர் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. மேலே பாராமோ எனப்படும் மலையுச்சிப் புல்வெளி, கீழே வயல். நடுவில் ஒடுங்கிய பட்டையாக இந்தக் குட்டைக்காடு. கருமார்புச் சிட்டுக்கு வேண்டியது இந்தப் பட்டைதான். அதைத்தான் விறகுக்கும் கரிக்கும் வெட்டினார்கள், பிறகு மாட்டுக்கும் கிழங்குக்கும் திருத்தினார்கள். அடுப்புக்கரி போய்ச் சேர்ந்த இடம் கித்தோ என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சர்க்கரைநீர்க் கிண்ணங்கள் வைத்திருக்கும் இடத்தில் வேறு ஓசனிச்சிட்டுகள் மொய்க்கின்றன. உடலைவிட நீண்ட அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தியபடி ஒரு வாளலகன் உட்கார்ந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வந்தமர்ந்தது இன்னொரு பஞ்சுக்கால் இனம்: மின்னும் பச்சை உடல், வாலடியில் நீலம், இரண்டு காலிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெண்மை. இறக்கையை மடக்கிய நொடியில்தான் அந்தப் பஞ்சு முழுதாகத் தெரிகிறது. நான் தேடியது வரவில்லை. பூத்த புதர்களுக்கிடையே ஒதுங்கி மேயும் அதைக் காப்பகத்துக்குள்ளேயே எப்போதாவதுதான் பார்க்க முடிகிறதாம்.

இந்த நிலத்தைப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஹோகோடோகோ அறக்கட்டளை 2001-இல் வாங்கிக் காப்பகமாக்கியது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்துநிலையில் வைக்கப்பட்டிருந்த பறவை இப்போது ஒரு படி கீழே இறக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 2006-இல் வடக்கே இன்டாக் பகுதியின் தொய்சான் மலைத்தொடரிலும் இதைக் கண்டார்கள்; ஆனால் அங்கே தாமிரச் சுரங்கம் கண்வைத்திருக்கிறது. ஒரே ஒரு காப்பகத்தை மட்டும் நம்பி ஓர் உயிரினத்தை விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காப்பகத்துக்குக் கீழே உள்ள சரிவுகளிலும் காடு மீள வேண்டும். ஏனென்றால் இந்தச் சிட்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தாழ்வான பகுதிகளுக்கு இறங்கிவிடுகிறது.

போக நினைப்பவர்கள் பூக்கள் மேலே மலரும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். விடியும் முன்பே டாக்சி பேசிக் கிளம்பிவிடுங்கள். முற்பகலிலேயே மேகம் இறங்கிவிடும்.