இருபதாம் தேதிக்கு அப்புறம் பார்த்த படங்கள்

எனக்கு நட்சத்திரம் போடத் தெரியாது. ஐந்துக்கு இரண்டே முக்கால் என்று எழுதுகிறார்களே, அந்த முக்காலை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்று கணக்கு எழுதியே பிழைக்கிற எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. அதனால் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் தொழில். மாதாமாதம் 20ஆம் தேதி கெடு. அதுவரை பாத்திரக்கடை, வெற்றிலைக் கமிஷன் கடை, வாழைத்தார் மண்டி என்று பில் கட்டுகளோடு மல்லுக்கட்டு. அதற்கப்புறம்தான் தியேட்டர் பக்கமே தலைகாட்ட முடியும். நான் போகும்போது பேனருக்குப் பால் ஊற்றியவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். படம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இது ஒரு வசதிதான். (டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் வரியைப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. நூறைத் தாண்டினால் பழையபடி 18தான்.)

தொழில்புத்தி படத்திலும் விடாது. திரையில் யார் வந்தாலும், இந்த ஆளுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்றுதான் மனசு முதலில் கேட்கும். நம் கதாநாயகர்களில் பாதிப் பேர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். பைக் இருக்கும், நாலு நண்பர்கள் இருப்பார்கள், வெளிநாட்டில் பாட்டு இருக்கும். சம்பளத் தேதி மட்டும் இருக்காது. அதைச் சொல்கிற படங்களுக்கு நான் கொஞ்சம் சலுகை காட்டுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படிச் சலுகையே தேவைப்படாத படம் குடும்பஸ்தன். 2025 ஜனவரியில் வந்தது. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கம், நக்கலைட்ஸ் யூடியூப் கூட்டத்திலிருந்து வந்தவர். கோயம்புத்தூரில் ஒரு சாதாரண டிசைனர் பையன். வீட்டை மீறிக் கல்யாணம். வேலை போகிறது, வீட்டில் சொல்லவில்லை. மாசச் செலவோ யாருக்காகவும் நிற்பதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. இதை மணிகண்டன் கண்ணீர் விட்டுச் சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் எழுந்து போயிருப்பேன். அந்த ஆள் முகத்தை ஒரு மாதிரி சமாளிப்பாக வைத்துக்கொண்டு, போனை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பார் பாருங்கள், அங்கே தியேட்டர் மொத்தமும் சிரிக்கிறது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்குச் சட்டைப்பையில் அதே மாதிரி போன் அடித்துக்கொண்டிருந்ததோ! என் மனைவி இடைவேளையில், "ஏங்க, இது நம்ம ஆபீஸுக்கு வருவானே, அந்தப் பையன் கதை மாதிரியே இல்ல?" என்றாள். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. நாலைந்து பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

குரு சோமசுந்தரம் பணக்கார மச்சானாக வருகிறார். சொந்தத்தில் ஒருவர் பணத்தை வைத்து எப்படிப் பேசுவார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான நடிப்பை நான் பார்க்கவில்லை. அவர் கத்துவதே இல்லை. உட்காரும் தோரணையிலேயே எதிராளியின் சம்பளத்தைப் பாதியாக்கிவிடுகிறார். பின்பாதியில் படம் கொஞ்சம் இழுக்கிறது. பரவாயில்லை, கட்டாயம் பாருங்கள்.

2025 ஜூலை 4ஆம் தேதி, ஒரே வெள்ளிக்கிழமையில், மாசத் தவணையைப் பற்றி இரண்டு படங்கள் வந்தன. ஒன்று 3 பிஎச்கே, இன்னொன்று பறந்து போ.

3 பிஎச்கே ஸ்ரீ கணேஷ் எடுத்தது, அரவிந்த் சச்சிதானந்தனின் சிறுகதையிலிருந்து. சரத்குமாரும் தேவயானியும் இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குச் சேர்க்கிறார்கள். சேர்த்து முடிக்கும்போது வீட்டு விலை இரண்டு படி மேலே போய் நிற்கிறது. மறுபடி சேர்க்கிறார்கள். இதில் வில்லன் கிடையாது, வயசுதான் வில்லன். சரத்குமார் இவ்வளவு அடக்கி நடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் இசை ஒவ்வொரு இடத்திலும் வந்து "இப்போது அழு" என்கிறது. அதுவும் ஒரு பத்து நிமிடமும் குறைந்திருந்தால் இன்னும் அழுதிருப்பேன். சித்தார்த்துக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாட்டியதையும் மன்னித்துவிடலாம்.

பறந்து போ ராம் படம். கற்றது தமிழ் எடுத்தவரா இது என்று இருந்தது, அவ்வளவு லேசு. சிவா அப்பா, கிரேஸ் ஆண்டனி அம்மா. பையனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இருவரும் உழைப்பதே அந்தப் பையனுக்காகத்தான். அவனுக்கோ அப்பாவைத் தவிர எதுவும் வேண்டாம். கடைசியில் தவணைக்காரர்களிடமிருந்து தப்பி அப்பாவும் மகனும் பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். சிவாவுக்கு நடிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வரவும். பாட்டு ரொம்ப அதிகம், நாலைந்தைக் கழித்திருக்கலாம். இந்த இரண்டில் குடும்பத்தோடு ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதையே சொல்வேன்.

சரி, பெரிய படங்கள்.

தக் லைஃப்: 1987இல் நாயகன். அதற்கப்புறம் மணிரத்னமும் கமலும் சேர 38 வருடம் ஆனது. இன்னும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டு கதையையும் எழுதியிருக்கலாம். வேலு நாயக்கர் எதைக் கடத்தினார், யாருக்கு எவ்வளவு பங்கு போனது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தச் சக்திவேல் நாயக்கர் என்ன செய்து சம்பாதித்தார் என்று படம் முடிந்து வாசலுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

கூலி: பெயரைப் பார்த்து ஆசையாகப் போனேன். துறைமுகம், 1421 என்று ஒரு பேட்ஜ் எண், ரஜினி. இவ்வளவு இருந்தும் ஒரு மூட்டையின் கனம் எனக்குத் தெரியவில்லை. உழைக்கிறவர்கள் கும்பலாக வந்து கும்பலாகச் சாகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது மனசில் நிற்க வேண்டாமா? மிஸ்டர் பாரத்துக்கு அப்புறம் ரஜினியும் சத்யராஜும் சேர்ந்த படம், ஆனால் சத்யராஜ் கதை தொடங்கும்போதே செத்துவிடுகிறார். சௌபின் ஷாஹிர் மட்டும் தனியாக வேறொரு நல்ல படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காகப் போகலாம்.

மகாராஜா: சலூன்காரர் ஒருவர் காணாமல் போன குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஸ்டேஷனுக்கு வருகிறார். தொட்டியின் விலை சில நூறு. அதற்கு அவர் கொடுக்கத் தயாராக இருக்கும் லஞ்சம் லட்சங்களில். அந்தத் தொகை ஏற ஏறப் போலீஸ்காரர்களின் மரியாதையும் ஏறுவதை நித்திலன் எழுதியிருக்கும் விதத்துக்கே டிக்கெட் காசு செரித்துவிடும். முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்ட கதை கடைசியில் கச்சிதமாகக் கூடிவருகிறது. ஆனால் அவர் மகளுக்கு நடந்த கொடுமையின் மேல் கட்டிய திருப்பத்துக்குத் தியேட்டரில் கைதட்டல் எழுந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது.

டிராகன்: 48 அரியர். பொய்ச் சான்றிதழ். ஐடி வேலை, கார், வீடு. முதல் பாதியைப் பார்த்து எரிச்சலாகி, "இன்னொரு உருப்படாத ஹீரோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் அஸ்வத் மாரிமுத்து எல்லா பில்லையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். அப்பாவாக ஜார்ஜ் மரியான். மகன் நல்ல சம்பளத்தில் இருக்கிறான் என்று நம்புகிற அப்பாக்களுக்கு ஒரு நிமிர்வு வரும் இல்லையா, அது அவர் தோளில் தெரிகிறது.

இனி வாழை. இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

மாரி செல்வராஜ் தன் சிறுவயதை எடுத்த படம், 2024 ஆகஸ்டில் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பையன் சிவனணைந்தான். லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். அம்மா வாங்கிய முன்பணம் அப்படித்தான் கழியும். எல்லோரும் டீச்சர் காட்சிகளையும், ரஜினி-கமல் சண்டையையும், கடைசிக் காட்சியையும் பேசினார்கள். எனக்குக் கழுத்துதான் ஞாபகம் இருக்கிறது. சேற்றில் கால் புதைய, தலையில் தாரோடு அந்தப் பையன் வரப்பில் நடக்கும்போது கழுத்து லேசாக ஒரு பக்கம் சாயும், உடனே நிமிர்த்துவான். மறுபடி சாயும்.

மண்டிப் பட்டியலில் கமிஷன், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று வரிசையாக எழுதிக் கழிப்போம். ஏற்றுக்கூலி என்கிற அந்த ஒரு வரிதான் இந்தப் படம். கலையரசன் கூலியை உயர்த்திக் கேட்கிறார். வியாபாரி வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறார். ஆனால் கொடுத்ததை வேறொரு இடத்தில் பிடித்துவிடுகிறார். ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே ஏறிப் போகச் சொல்கிறார். அவ்வளவுதான். அங்கே யாரும் கத்தியைத் தூக்கவில்லை, யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை, ஒரு வண்டி வாடகையை மிச்சம் பிடித்தார்கள். அதற்கு மேல் நடந்த லாரி விபத்து ஊருக்கே தெரியும்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. டீச்சர் மேல் பையனுக்கு இருக்கும் ஈர்ப்பைப் பாட்டும் கர்சீப்புமாக நீட்டியது அலுத்தது. சந்தோஷ் நாராயணன் சில இடங்களில் சும்மா இருந்திருக்கலாம். இதையெல்லாம் மறுநாள்தான் யோசித்தேன்.

வாழை வந்த அதே நாளில்தான் கொட்டுக்காளியும் வந்தது. பி.எஸ். வினோத்ராஜ் படம், அந்த வருடம் பெர்லின் விழாவில் திரையிட்டார்கள். பின்னணி இசையே கிடையாது. ஒரு ஷேர் ஆட்டோ, கூடவே பைக்குகள், ஒரு சேவல், பேய் ஓட்டக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பெண். அன்னா பென் வாயைத் திறப்பதே அபூர்வம். சூரி தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கட்டிய குரலில் பேசுகிறார். எங்கிருந்தோ வருகிற ஒரு சினிமாப் பாட்டை அவள் முணுமுணுத்துவிட்டாள் என்பதற்காக ஓர் அடி விழும், அதுவரை சூரியைக் காமெடியனாக நினைத்திருந்த எனக்கும் சேர்த்து. எங்கள் வரிசையில் ஒருவர் "எப்பதான் படம் போடுவாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவு வந்து விளக்கு எரிந்தபோதும் அவர் உட்கார்ந்தே இருந்தார், இன்னும் வரும் என்று. முடிவு அப்படித்தான், உங்களைத்தான் பதில் சொல்லச் சொல்லும். அது பிடிக்காதவர்கள் போக வேண்டாம்.

லப்பர் பந்து: "வருமானம் எங்கே" என்ற என் கேள்வியை அந்த வீட்டு அம்மாவே கேட்கிறார், அதனால் எனக்கு வேலை இல்லை. வேலையைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுகிற கெத்துவாக 'அட்டகத்தி' தினேஷ். அவர் மட்டையைத் தூக்கினால் விஜயகாந்தின் "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்". மனைவியாக வரும் ஸ்வாசிகா பார்க்கிற பார்வையில் முன்வரிசையே அடங்கியது. டீமில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் ஜாதி எப்படி நுழைகிறது என்பதைப் பிரசங்கம் இல்லாமல் சொன்ன படம். தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படமாம், நம்ப முடியவில்லை.

மெய்யழகன் எங்கள் பக்கத்துக் கதை. நீடாமங்கலம், தஞ்சாவூர், ராத்திரி முழுக்கப் பேச்சு. முதலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. நீளம் என்று புகார் வந்ததும் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நான் போனபோது வெட்டிய பிரதிதான் ஓடியது. எனக்கு வெட்டாததுதான் வேண்டும். கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கைக்கு வாங்கி வந்த நகைகளை அவளே பிரித்து, அங்கேயே போட்டுவிடச் சொல்கிற காட்சி இருக்கிறதே, அதற்கு நான் எந்தக் கணக்கும் கேட்கத் தயாரில்லை. கார்த்தியின் அதீத நல்லமனசு மட்டும் அங்கங்கே திகட்டியது. இவ்வளவு நல்லவனோடு ஒரு ராத்திரி தங்கலாம், ரெண்டு நாள் முடியாது.

டூரிஸ்ட் ஃபேமிலி: இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்து சேர்கிற குடும்பம், வாய் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம், கேரளாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிற அவஸ்தை. சசிகுமாரும் சிம்ரனும் அருமை, சின்னப் பையன் கமலேஷ் இருவரையும் தின்றுவிட்டான். எல்லோரும் நல்லவர்களாகிக்கொண்டே போவது நம்பும்படி இல்லை. ஆனாலும் என் பக்கத்து சீட்டுப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாப்கார்ன் சாப்பிட்டார்.

கடைசியாக ஜமா. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, தானே நடித்த படம். இளையராஜா இசை. தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுகிற ஒருவனுக்கு அர்ஜுனன் வேஷம் வேண்டும், அப்பா உண்டாக்கிய ஜமா (கூத்துக் குழு) வேண்டும். வாத்தியாராக சேத்தன். கையில் அதிகாரம் இருக்கிற கலைஞன் எவ்வளவு சின்னப் புத்திக்காரனாக இருக்க முடியும் என்பதை அவர் மாதிரி யாரும் காட்டியதில்லை. நான் போன அன்று தியேட்டரில் ஆளே இல்லை, ஏசியை அணைத்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் நீங்கள் பார்க்காத ஒரு படம் இருக்குமென்றால் அது இதுவாகத்தான் இருக்கும். தேடிப் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் 20ஆம் தேதி தாண்டி வந்து திட்டுங்கள்.