கண்டன்சர் வாங்கிய கதை

பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க அது?" என்றாள்.

"கண்டன்சர்."

"அப்பாடா, ஃபேனுக்கா? இப்பவாவது ஞாபகம் வந்துச்சே."

உள் அறை ஃபேன் இரண்டு மாதமாகச் சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கும். ஒட்டடைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றும். நான் வாங்கியிருந்ததோ கண்டன்சர் மைக். விலையைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. ஒட்டடைக் குச்சியை எடுத்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டுப் போனாள்.

வீட்டிலேயே கிட்டார் ரெக்கார்டிங் செய்ய என்ன மைக் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். நான் சவுண்ட் எஞ்சினியர் இல்லை. மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறவன். பதினைந்து வருஷமாக ஒரே கிட்டார், யமஹா எஃப் 310. மகள் ஒன்பதாம் வகுப்பு, சர்ச் கொயரில் பாடுகிறாள். அவள் பாட, நான் வாசிக்க, போனில் பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம். ஒருநாள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்பா, என் வாய்ஸ் ஓகே. உங்க கிட்டார்தான் தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு."

அந்த வார்த்தைதான் பார்சலாக வந்து இறங்கியது. ஆடியோ டெக்னிகா ஏடி 2020 மைக், அதைக் கணினியோடு இணைக்க ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், ஒரு ஸ்டாண்ட். கண்டன்சர் மைக்குக்கு மின்சாரம் வேண்டும். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அமுக்கினால் அதே கேபிள் வழியாகப் போய்விடும். அதெல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் முதல் இரண்டு நாள், மேடையில் பிடிக்கிற மைக் மாதிரி அதன் உச்சியைக் கிட்டாருக்கு நேராக நீட்டி வைத்திருந்தேன். அது பக்கவாட்டில் கேட்கிற மைக். லோகோ போட்டிருக்கும் பக்கம்தான் முகம். உச்சந்தலையிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருப்பி வைத்த பிறகு எல்லாம் கேட்டது. எல்லாம் என்றால் எல்லாமும். எங்கள் வீடு பல்லாவரத்தில். மீனம்பாக்கத்தில் ஏறுகிற இறங்குகிற ஒவ்வொரு விமானமும் டிராக்கில் பதிவானது. பக்கத்து வீட்டு சீரியல், நாலாவது குக்கர் விசில், ஏசி வெளி யூனிட்டில் குடித்தனம் நடத்தும் புறாக்கள், என் சட்டைப் பொத்தான் கிட்டார் முதுகில் உரசுவது வரை. நடுவில் கிட்டார். முன்பு மங்கலாகக் கேட்ட தகர டப்பா இப்போது துல்லியமான தகர டப்பாவாகக் கேட்டது.

சர்ச்சில் லீட் கிட்டார் வாசிக்கும் அண்ணனிடம் போய் மைக்கைக் குறை சொன்னேன். அவர் மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிட்டாரை வாங்கி, ஐந்தாவது கம்பிக்கு அடியில் கட்டைவிரலை ஓட்டி என்னிடம் காட்டினார். கறுப்பாக இருந்தது.

"தம்பி, கம்பி மாத்தி எவ்ளோ நாளாச்சு?"

யோசித்தேன். பாப்பா அப்போது ஆறாவது.

"அறுந்தாத்தான் மாத்தணும்னு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளும் இரும்புக் கம்பிமேல் வெண்கலக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்தவை. விரல் வியர்வையும் அழுக்கும் அந்தச் சுற்றுகளுக்கு நடுவில் போய் அடைத்துக்கொண்டால் முதலில் சாகிறது உச்ச ஒலிகள்தான். கிணுகிணுப்பு போய்ச் சத்தம் மொத்தையாகிவிடும், சுருதியும் மேலே ஏற ஏறச் சேராது. சென்னைக் காற்றுக்கும் என் கைவியர்வைக்கும் புதுக் கம்பியின் மினுக்கு இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். அண்ணன் சொல்லி டி'அடாரியோ ஈஜே 16 போட்டேன். 12-53 அளவு, அதாவது மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053. பாஸ்பர் பிரான்ஸ் வகை. 80/20 என்று இன்னொரு வகை இருக்கிறது. 80 பங்கு தாமிரம், 20 பங்கு துத்தநாகம். பெயர்தான் பிரான்ஸ், உண்மையில் அது பித்தளை. அது இன்னும் பளிச்சென்று கேட்கும், ஆனால் என் கிட்டாரே கொஞ்சம் பளிச் என்பதால் எனக்கு ஒத்துவரவில்லை. எலிக்சர் மாதிரி மேலே மெல்லிய பூச்சு உள்ள கம்பிகள் பல மாதம் உழைக்கும், விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வியர்க்கிற கைக்காரர்கள் கணக்குப் போட்டால் அதுதான் லாபம்.

ஒன்று சொல்ல வேண்டும். புதுக் கம்பி போட்ட அன்றே ரெக்கார்டு செய்யாதீர்கள். சுருதி நிற்காது. கூடவே கார்டு மாற்றும்போது விரல் வழுக்குகிற 'க்ரீச்' சத்தம் மைக்கில் பூனை கத்துவதுபோல் விழும். மூன்றாம் நாள் கம்பிதான் என் கைக்குச் சரி.

அந்த வாரம் பாப்பா கேட்டுவிட்டு, "மைக் செட் ஆயிடுச்சாப்பா?" என்றாள். மைக்கை நான் தொடவே இல்லை.

கம்பியை மீட்டுகிற பிளெக்ட்ரம் வில்லை விஷயமும் இப்படித்தான். நாம் கண்டுகொள்ளாத பத்து ரூபாய்ச் சாமான். கண்டன்சர் மைக் முன்னால் மெல்லிய பிளெக்ட்ரம் கம்பியில் படுகிற 'டிக் டிக்' தனித் தாளமாகவே கேட்கும். டன்லப் டார்டெக்ஸில் நிறத்தை வைத்தே தடிமன் சொல்லலாம்: ஆரஞ்சு 0.60 மில்லிமீட்டர், மஞ்சள் 0.73, பச்சை 0.88. நான் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறினேன், டிக் அடங்கியது. கிட்டார் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) ஒட்டி வைக்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் ஸ்பிரிங் அழுத்தத்தில் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். கேப்போ போட்ட பிறகு ஒருமுறை ட்யூனரைப் பார்ப்பது நல்லது. தலையில் கவ்வி நிற்கும் ட்யூனர் மரத்தின் அதிர்வை வைத்துச் சொல்வதால், மேலே விமானம் போனாலும் அதற்குக் கவலையில்லை.

அப்புறம் அந்த 'ங்ங்ங்'.

ஐந்தாவது கம்பியை எங்கும் விரலால் அழுத்தாமல் மீட்டினால் மட்டும் ஓர் இரைச்சல் கூடவே வந்தது. மற்ற கம்பிகளுக்கு வராது. முதலில் மைக் பழுது என்று நினைத்தேன். அப்புறம் ஃப்ரெட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் போய் வாசித்தால் சத்தமே இல்லை. உள்ளே வந்தால் திரும்ப 'ங்ங்ங்'. ஒரு சனிக்கிழமை முழுக்க, ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு ட்யூனிங் கீகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். அம்மா கட்டிலில் படுத்தபடி ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டேய், நீ அதைத் தட்டும்போதெல்லாம் பீரோல சாவிக்கொத்து ஆடுதுடா."

அந்தக் கம்பி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. எங்கள் இரும்புப் பீரோக் கதவுக்கும் அந்த எண்தான் பிடித்திருக்கிறது போல. கம்பியை மீட்டினால் கதவும் சேர்ந்து அதிர, அதில் தொங்கிய சாவி தகரத்தில் மோதியிருக்கிறது. சாவியை எடுத்தேன், கதவிடுக்கில் மடித்த அட்டையைச் செருகினேன், முடிந்தது. வாங்கிய எந்தக் கருவியும் செய்யாத உதவி. கூடவே இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி எதிர்ச் சுவரில் நிறுத்தினேன். காலிச் சுவர்கள் இரண்டுக்கும் நடுவில் பந்து மாதிரி அடிபட்டுக்கொண்டிருந்த எதிரொலி அடங்கியது. முட்டைத் தட்டு ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெத்தை, போர்வை, துணி நிறைந்த அலமாரி இவற்றுக்கு முன்னால் முட்டைத் தட்டு ஒன்றுமே இல்லை.

மைக்கை எங்கே வைப்பது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கிட்டார் ஓட்டைக்கு நேராக. அங்கேதான் வைக்கக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் குமுறும் இடம் அது, தவிலைத் தொப்பிப் பக்கம் மட்டும் கேட்பதுபோல் இருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக, ஒரு சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். இன்னும் நெருங்கினால் இந்த வகை மைக்குகளில் அடிச்சத்தம் வீங்கும், தள்ளிப் போனால் அறை உள்ளே வரும். அந்த ஒரு சாணுக்குள் விரலளவு நகர்த்தி நகர்த்திக் கேட்பதுதான் வேலை. அளவு மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொடவே வேண்டாம்.

இங்கே என் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். ஒரு நாள் நாலு நிமிட டேக் ஒன்று அருமையாக வந்தது. கேட்டுப் பார்த்தால் தொடக்கத்தில் கிணுகிணு என்று இருந்த கிட்டார் போகப் போகக் கம்மி, முடிவில் யாரோ போர்வை போர்த்தியதுபோல் ஆகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டாண்டின் கை மைக்கின் கனம் தாங்காமல் நிமிடத்துக்கு ஓர் அங்குலம் என்று இறங்கி, மைக் என் முழங்காலைக் கேட்டுக்கொண்டிருந்தது. மைக்கில் ஆயிரம் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, ஸ்டாண்ட் மட்டும் அடி கனமாக இருக்கட்டும்.

இந்த நேரத்தில், மேடையில் பாடகர்கள் பிடிக்கிற வகையான டைனமிக் மைக் மேல் ஆசையும் வந்தது. "கண்டன்சர் ஊர்ச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது" என்று எல்லாரும் சொல்கிறார்களே. ஷுர் எஸ்எம் 57. 1965-இல் வந்து இன்னும் விற்கிறது. பழையது ஒன்று விலைக்கு இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். இதில் போலிகள் நிறைய. அண்ணனிடம் இருந்த அசலை மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் ஏற்கெனவே வைத்துப் பார்த்திருந்தேன், 285 காட்டியது. கம்பெனி சொல்கிற கணக்கு 284 கிராம். விற்பவர் கொண்டுவந்தது அதைவிட அறுபது கிராம் இளைத்திருந்தது. "உள்ள மேக்னட் கொஞ்சம் சின்னது சார், சவுண்டு அதேதான்" என்றார். அவருடைய நேர்மையை மெச்சிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணன் தன்னுடையதை இரண்டு வாரம் கடன் கொடுத்தார். இரண்டு மைக்கையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே துண்டை வாசித்து, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டேன். விமானம் இரண்டிலும் இருந்தது. காரணம் எளிது. அதே ஒலிக்கு 57 தருகிற மின்னழுத்தத்தைவிட 2020 எட்டு ஒன்பது மடங்கு அதிகம் தருகிறது. 57-க்கு இன்டர்ஃபேஸில் சத்தத்தைப் பெருக்கும் கெயின் குமிழைக் கிட்டத்தட்ட முழுக்கத் திருப்ப வேண்டும். கிட்டாரை ஏற்றும்போது விமானமும் கூடவே ஏறும், போதாததற்கு ஆம்பின் 'ஸ்ஸ்' வேறு. டைனமிக் மேடையில் சத்தம் இழுக்காமல் இருப்பதற்குக் காரணம், அதைப் பாடகர் வாயோடு வைத்துப் பாடுவதுதான். ஒரு சாணில் வைத்தால் அதுவும் ஊரைக் கேட்கும். உச்ச ஒலிகள் அதில் கொஞ்சம் மழுங்கி விழுவதால் பளிச்சிடும் இரைச்சல் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். பாப்பா பாட நான் ஸ்ட்ரம் செய்கிற பாட்டுக்கு 57 நன்றாகவே இருந்தது, கிட்டார் குரலுக்கு வழிவிட்டு நின்றது. விரலால் மீட்டும்போது மட்டும் கண்டன்சரை விட மனசு வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஒன்று பிடிபட்டது. இரண்டு மைக்குமே கார்டியாய்டு. முன்னால் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் காது மந்தம். அப்படியென்றால் சத்தம் வருகிற பக்கம் மைக்கின் முதுகைக் காட்டினால் போதும்.

மே மாதம். ஃபேன் இல்லாமல் அந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கிட்டார் கையிலிருந்து வழுக்குகிறது. ஸ்டாண்டை (புது ஸ்டாண்டை) என் வலது தோளுக்குப் பின்னால் நிறுத்தி, மைக்கை மேலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்க்கத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். முதுகு ஃபேனுக்கு, முகம் கிட்டாருக்கு, மேலே ஒரு ஸ்பாஞ்சு உறை. குச்சியால் தள்ளி ஃபேனை ஓட்டினேன். காற்றுச் சத்தம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் கூடவே ஒரு 'ர்ர்ர்'. லேப்டாப் சார்ஜரா என்று பிடுங்கிப் பார்த்தேன். முன்பு ஹெட்போனில் அப்படி ஒரு இரைச்சலுக்கு அதுதான் காரணமாக இருந்தது. இந்த முறை அது இல்லை.

மனைவியே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர் ஃபேனில் ரெண்டரை எம்எஃப்டி கண்டன்சர் ஒன்றை மாற்றினார். சுவிட்சைப் போட்டதும் குச்சி இல்லாமல் சுற்றியது. 'ர்ர்ர்' மட்டும் போகவில்லை. அவர் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தார். ஐந்தில் வைத்தால் சத்தம் இல்லை, இரண்டில் வைத்தால் உறுமுகிறது.

"பழைய டைப் சார். கரண்ட்டை வெட்டி வெட்டி விடும், மோட்டார் அதுல உறுமுது. ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டுக்கங்க, சத்தமே இருக்காது."

"அதுல என்ன வித்தியாசம்?"

"உள்ள கண்டன்சர் சார்."

கடைக்குப் போய் வாங்கி வந்தேன். இரண்டும் சேர்த்து ஐந்நூறுக்குள் முடிந்தது. ஒன்றில் வைத்து மைக்கைப் போட்டேன். பீரோ மௌனம், ஃபேன் மௌனம், புறாக்கள் மட்டும். ரெகுலேட்டர் வந்த பெட்டியைக் குப்பையில் போடப் போகும்போது மனைவி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் மைக்குக்கா?"

"இல்ல, ஃபேனுக்கு" என்றேன்.