அதைக் கேட்டது யார்?

"மாலை எப்படி மேடம் படையெடுக்கும்?"

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'எவ்லின்' கதையைக் கல்லூரி ஆங்கில வகுப்பில் தொடங்கிய அன்று ஒரு மாணவி கேட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவுக்குள் மாலை வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் எவ்லின். அந்த 'வருவது' என்ற இடத்தில் ஜாய்ஸ் போட்டிருக்கும் சொல்லுக்கு அகராதியில் 'படையெடு' என்று இருந்தது. வேலூர்ப் பிள்ளைகளுக்கு அது பழகிய சொல். விஜயநகரம், பீஜப்பூர், மராட்டியர், நவாபு என்று கோட்டை கைமாறிய கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். நான் பதில் சொல்லவில்லை. "சாயங்காலம் மலை நிழல் உங்கள் தெருவுக்குள் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு வா" என்றேன். மறுநாள் வந்து சொன்னாள்: "முதலில் எதிர்வீட்டுச் சுவர், அப்புறம் எங்கள் திண்ணை. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது மேடம்."

ஜாய்ஸ் மாதிரி பழைய கதைசொல்லும் முறையை உடைத்து எழுதிய நவீனத்துவக் கதைகள் நம் பிள்ளைகளுக்கு எட்டாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் உருது; அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பினேன். கதைக்குள் போகுமுன் முதல் உலகப் போர், உளவியல் அறிஞர் ஃபிராய்டு, மனத்தில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் நனவோடை உத்தி என்று ஒரு வாரம் பேசுவேன். எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். கதையில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் நல்ல மதிப்பெண் வாங்க முடிந்தது. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வழி திறந்தது மூன்று சொற்களில். வீட்டைவிட்டுப் போக எவ்லின் சம்மதித்துவிட்டாள் என்று சொல்லும் ஜாய்ஸ், அடுத்ததாக 'வாஸ் தட் வைஸ்?' என்று ஒரு கேள்வியைப் போடுகிறார். மேற்கோள் குறி இல்லை. 'என்று நினைத்தாள்' இல்லை. "இதைக் கேட்டது யார்?" என்று வகுப்பைக் கேட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "இது டைரக்டும் இல்லை, இன்டைரக்டும் இல்லை மேடம்" என்றான்.

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியைப் பள்ளியில் கைவலிக்கச் செய்தவர்கள் அவர்கள். மேற்கோள் குறியை எடு, நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கு, 'இது' என்பதை 'அது' என்று மாற்று, 'கேட்டாள்' என்பதைச் சேர், கேள்விக்குறியை நீக்கு. மூன்று வடிவங்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். ஜாய்ஸ் காலத்தை மாற்றியிருக்கிறார், 'இது'வை 'அது'வாக்கியிருக்கிறார். ஆனால் 'கேட்டாள்' சேர்க்கவில்லை, கேள்விக்குறியையும் எடுக்கவில்லை. பாதி செய்து நிறுத்திய பயிற்சி அது. இந்த உத்திக்குத் திறனாய்வாளர்கள் வைத்திருக்கும் 'ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ்' என்ற பெயரை மணி அடித்த பிறகுதான் சொன்னேன்.

மறுநாள் அதே வரியைத் தமிழில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'அது புத்திசாலித்தனமாக இருந்ததா?' என்று எழுதினார்கள். வாய்விட்டுப் படித்ததும் அவர்களுக்கே பிடிக்கவில்லை. "போலீஸ் விசாரிப்பது மாதிரி இருக்கிறது" என்றாள் ஒருத்தி. அடித்து, திருத்தி, கடைசியில் வந்து சேர்ந்தது இது: 'இது சரிதானா?' அந்தத் 'தான்' ஆங்கிலத்தில் கிடையாது. ஆனால் எவ்லினின் தயக்கம் முழுவதும் அதில் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் மனத்துக்குள் பேசுகிறவள் அந்த நொடியில் நின்றே பேசுகிறாள். ஆங்கிலம் அவள் குரலைக் கதைசொல்லியின் இறந்தகாலத்துக்குள் மடித்து வைத்துவிடுகிறது. அந்த மடிப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புரியவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

'எவ்லின்' முதலில் 1904-இல் வெளிவந்தது. அது இடம்பெற்ற 'டப்ளினர்ஸ்' கதைத் தொகுப்பு 1914-இல். நடுவில் ஜாய்ஸ், இன்று இத்தாலியில் இருக்கும் டிரியெஸ்ட் நகரத்தில், பெர்லிட்ஸ் பள்ளியில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். இதை வகுப்பில் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

அதன்பின் 'யார் சொல்வது?' என்ற கேள்வி அவர்கள் கைக்குப் போய்விட்டது. கப்பலில் இருவருக்கும் இடம் பதிவாகியிருந்தது என்று ஒரு வரி கதையில் வரும். எவ்லினை அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸுக்கு அழைத்துப்போவதாகச் சொல்பவன் மாலுமி ஃபிராங்க். அங்கே வீடு காத்திருக்கிறது என்பதும் அவன் சொன்னதுதான். "டிக்கெட்டை அவள் கண்ணால் பார்த்தாளா மேடம்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அவளுடைய மாமா வளைகுடா வேலைக்கென்று ஏஜென்டிடம் பணம் கட்டிவிட்டு, விசாவுக்காக இரண்டு வருடம் காத்திருந்தவர். டப்ளின் நகரத்து மனமுடக்கம்தான் கடைசி நொடியில் எவ்லினைக் கப்பல் ஏறவிடாமல் நிறுத்தியது என்று கைடு சொல்கிறது. ஜாய்ஸும் தன் ஊரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறார். அந்த விடையைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துறைமுகத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குள் ஒரு நியாயமான சந்தேகமும் இருந்திருக்கலாம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இங்கிலாந்து எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' நாவலையும் முயன்று பார்த்தேன். முதல் இரண்டு பக்கங்களோடு நிறுத்திக்கொண்டோம். வாக்கியங்கள் நீளம், செமஸ்டரில் நாட்கள் குறைவு.

போன பருவத்தில் கதையின் நகல்களைத் திரும்ப வாங்கியபோது, ஓரங்களில் பென்சிலால் 'யார்?' 'யார்?' என்று எழுதியிருந்தது. ஒரு நகலில் நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. வீட்டிலும் கடையிலும் அவள் பாடுபட வேண்டியிருந்தது என்று ஒரு வரி வரும். அதன் தொடக்கத்தில் 'ஆமாம், அது வழக்கம்தானே' என்கிற தொனியில் 'ஆஃப் கோர்ஸ்' என்று இரண்டு சொற்கள். எவ்லின் தன் வாரக் கூலி ஏழு ஷில்லிங்கையும் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறவள். நகலுக்கு உரியவள் ஷூ கம்பெனியில் விடுமுறைக்கால வேலை பார்ப்பவள். அழைத்துக் கேட்டேன்.

"அந்த 'ஆமாம்' அவளுடையது இல்லை மேடம். வீட்டில் சொல்லிச் சொல்லி அவள் வாயில் ஏறியது" என்றாள்.

எத்தனையோ முறை நடத்திய கதை. அந்த இரண்டு சொற்களில் நான் ஒரு தடவைகூட நின்றதில்லை. நகலை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.