பாதாமிக்குப் போகிறீர்களா? ஹம்பியைச் சேர்க்காதீர்கள்

வடகர்நாடகம் என்று பேச்செடுத்தாலே, "ஹம்பி, பாதாமி, பீஜாப்பூர் மூணையும் ஒரே மூச்சில் பார்த்துடலாம்" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் கிளம்பினார்கள். நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன். கிடைப்பதே குட்டி லீவு, அதையும் காரிலேயே கழிப்பானேன்? பாதாமியில் ஒரே அறை. அங்கிருந்து பட்டதகல், ஐஹொளே, மகாகூடம், பனசங்கரி. அவ்வளவுதான்.

ஹூப்ளி வரை ரயில், அப்புறம் சுமார் 100 கி.மீ. சாலை. குளிர்காலம்தான் சரி, கோடையில் அந்தச் செம்மணற்கல் பாறை கொதிக்கும். தைப்பூசப் பௌர்ணமியை ஒட்டி பனசங்கரி அம்மனுக்குத் தேர்த்திருவிழா. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

பாதாமியில் முதல் குடைவரை வாசலிலேயே பதினெட்டுக் கை நடராஜர். எந்த இடக்கையை எந்த வலக்கையோடு சேர்த்துப் பார்த்தாலும் ஒரு அபிநயம் வருகிறது. என் பெண் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் செய்துபார்க்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாம் குடைவரை 578-ல் முடிந்தது என்று கல்வெட்டே சொல்கிறது. கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், குரங்குகள் பொல்லாதவை.

நமக்கு இந்த ஊர் வாதாபி. நரசிம்மவர்மப் பல்லவன் 642 வாக்கில் பிடித்த சாளுக்கியத் தலைநகரம். அவன் கல்வெட்டு இன்றும் இங்கே பாறையில் இருக்கிறது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்துச் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்துக் காஞ்சிக்கு வந்தான். பழிக்குப் பழி வாங்குவான் என்றுதானே நினைப்போம்? அவனோ கைலாசநாதர் கோயில் சொத்தைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்து, அதைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்தும் வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி எழுப்பியதுதான் பட்டதகல் விருபாட்சர் கோயில். காஞ்சி கைலாசநாதரைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஜாடை சட்டென்று பிடிபடும். முடிந்தால் அந்த வரிசையில் பாருங்கள். யுனெஸ்கோ பட்டியலில் 1987-லேயே சேர்ந்துவிட்ட வளாகம் இது, ஆனாலும் விருபாட்சருக்கு இன்றும் பூஜை நடக்கிறது. எதிரே கருங்கல் நந்தி, மேலே சிவப்புத் துணி.

ஐஹொளேயில் கோயில்கள் நூற்றுக்கும் மேல். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் துர்கா கோயில், லாட்கான் கோயில், குன்றின் மேல் மேகுடி என்று நிறுத்திக்கொண்டோம். மேகுடியில், சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியின் அவைப்புலவர் ரவிகீர்த்தியின் 634-ஆம் வருடக் கல்வெட்டு இருக்கிறது.

மகாகூடத்தில் ஊற்றுநீர்க் குளம் உண்டு; மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். பனசங்கரியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. கோயில் வாசலில் பெண்கள் கூடையோடு உட்கார்ந்து "ஊட்டா மாட்ரீ" (சாப்பிடுங்க) என்று கூப்பிடுவார்கள். சோள ரொட்டி, கத்திரிக்காய்ப் பொரியல், சிவப்பு மிளகாய்ச் சட்னி, கெட்டித் தயிர். சட்னியை முதலில் கொஞ்சமாக வாங்குங்கள், காரம் சும்மா இல்லை.