237 மெகாஹெர்ட்ஸில் எல்.இ.எஸ்-1: முழு வளைவும் கிடைத்துவிட்டது

எல்.இ.எஸ்-1 செயற்கைக்கோளின் டாப்ளர் வளைவு (கோள் நெருங்கி விலகும்போது அதன் அதிர்வெண் மாறுகிற கோடு), மேற்கே எழுந்ததிலிருந்து வங்கக்கடல் பக்கம் இறங்கும் வரை, நடுவில் அறுபடாமல் புதுச்சேரி மொட்டைமாடியிலிருந்து பதிவாகிவிட்டது. மூன்று எலிமென்ட் யாகி (மூன்று கம்பி கொண்ட, ஒரு திசை நோக்கும் ஆன்டெனா), எஃப்.எம். நிலையங்களைத் தடுக்கும் ஒரு எஃப்.எம். ஃபில்டர், ஒரு சின்ன எல்.என்.ஏ. (இரைச்சல் குறைந்த பெருக்கி), ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர். டோங்கிள் (லேப்டாப்பில் செருகும் வானொலி ரிசீவர்). சாமான் இவ்வளவுதான். நீளமான ஆன்டெனா இல்லாமல் இதைப் பிடிக்கவே முடியாது என்று நினைத்து விட்டுவிட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. தடையாக இருப்பது ஆன்டெனா அல்ல. ஒன்று, பக்கத்து மாடிகளில் ஓடும் கேபிள் டிவி ஒயர். இன்னொன்று, எஃப்.எஃப்.டி. (சமிக்ஞையை மென்பொருள் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) அளவு.

புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. எல்.இ.எஸ்-1 அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் செய்த சோதனைத் தகவல்தொடர்பு செயற்கைக்கோள். 1965 பிப்ரவரி 11 அன்று டைட்டன் 3ஏ ராக்கெட்டில் ஏறியது. வயரிங்கில் நேர்ந்த ஒரு பிழையால் உயரே தள்ள வேண்டிய மோட்டார் வேலை செய்யவில்லை. அதனால் சுமார் 2,800 கி.மீ. உயரத்து வட்டப்பாதையிலேயே நின்றுவிட்டது. எக்ஸ்-பேண்ட் (நுண்ணலை) தொடர்புச் சோதனைகளில் பெரும்பாலானவை தொடங்கவே இல்லை. 1967-ல் சத்தமும் நின்றது. பிறகு 2013 வாக்கில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வானொலி ஆர்வலர் ஃபில் வில்லியம்ஸ் அதன் 237 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை மறுபடி கேட்டார். பேட்டரி எப்போதோ செத்திருக்க வேண்டும் என்பது ஊகம். சூரியத் தகட்டில் வெயில் படும்போது மட்டும் டிரான்ஸ்மிட்டர் உயிர்பெறுகிறது. சுமார் 4 நொடிக்கு ஒரு தரம் தலைகுப்புறப் புரள்வதால் வெயில் தகட்டில் பட்டு மறைகிறது, மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, சமிக்ஞையும் கூடவே முனகுகிறது.

நமக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. கடற்கரைச் சாலையில் நின்று ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்க்கிற ஊர் இது. 2006 ஜூலை 10-ல் இன்சாட்-4சி, 2010 டிசம்பர் 25-ல் ஜிசாட்-5பி என்று ராக்கெட்டோடு போனவற்றையும், 2018 மார்ச் 29-ல் நன்றாக ஏறி, இரண்டு முறை சுற்றுப்பாதை உயர்த்தியபின், ஏப்ரல் 1-க்குக் குறித்திருந்த மூன்றாவது எரிப்புக்கு முன்பே தொடர்பு அறுந்த ஜிசாட்-6ஏ-யையும் மறந்திருக்க மாட்டீர்கள். சேவைக்கு வராமலே போன ஒரு கோளின் குரலை இன்றைக்கும் நேரடியாகக் கேட்க முடிகிறதென்றால் அதை விட மனசு வருமா?

ஆன்டெனாவை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் 615 மி.மீ., முன்னால் நிற்கும் டைரக்டர் 560 மி.மீ., இரண்டும் 6 மி.மீ. அலுமினியக் கம்பி. நடுவில் கேபிள் சேரும் ஃபோல்டட் டைபோல் (நுனிகளை மடக்கிச் சேர்த்த இரட்டைக் கம்பி): நுனிக்கு நுனி 595 மி.மீ., இரு கம்பிக்கும் இடைவெளி 45 மி.மீ. எர்த் போட விற்கிற 8 கேஜ் செம்புக்கம்பி 1.4 மீட்டர் வாங்கினால் போதும். எலிமென்ட்களுக்கு நடுவே 250 மி.மீ. இடைவெளி. பூம் (இவற்றைத் தாங்கும் நடுத்தண்டு) பி.வி.சி. குழாய் என்பதால் பூமுக்கான நீளத் திருத்தம் தேவையில்லை. இவை தொடக்க அளவுகள்தான். நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி) வைத்து டைபோலின் வளைவை நசுக்கியோ விரித்தோ 237-க்குக் கொண்டுவாருங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. ஃபோல்டட் டைபோல் என்றதும் பழைய டிவி ஆன்டெனாவின் 300 ஓம் பலூனை (ஆன்டெனாவைக் கேபிளோடு பொருத்தும் சிறு டிரான்ஸ்பார்மர்) எடுத்து மாட்டுவது. தனியாக நிற்கும் ஃபோல்டட் டைபோலுக்குத்தான் 300 ஓம். முன்னும் பின்னும் கம்பி வந்துவிட்டால் மதிப்பு 100 ஓம் பக்கம் விழுந்துவிடுகிறது. அதை அந்தப் பலூனால் நாலில் ஒன்றாகக் குறைத்து 75 ஓம் கேபிளில் விட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையின் அளவு; ஒன்று என்றால் கச்சிதம்) மூன்றைத் தொடும். பலூனே வேண்டாம். எஃப் பெண் சாக்கெட்டை டைபோலில் 10 மி.மீ.-க்கு மேல் போகாத கால்களோடு பற்றவைத்து, அதை ஒட்டி கேபிளில் மூன்று நான்கு ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) கோர்த்துவிடுங்கள். ஆர்.ஜி-6 கேபிள் 75 ஓம், டோங்கிள் 50 ஓம் ஆயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். அந்த இழப்பு 0.2 டெசிபெல்கூட வராது.

கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலிவு ஆர்.ஜி-6-ல் பின்னல் அலுமினியம். ஈயம் ஒட்டவே ஒட்டாது. அதற்கு கம்ப்ரெஷன் கனெக்டர்தான் சரி. கையால் முறுக்கி மாட்டுகிற எஃப் கனெக்டரை நம் ஊர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள்: பின்னல் இருந்த இடத்தில் வெள்ளை மாவு உதிரும், உள்ளே நாலைந்து இழைதான் மிஞ்சியிருக்கும். தொடர்ச்சி பார்க்கும் பீப் சத்தம் மட்டும் வந்துகொண்டேயிருக்கும், மீட்டர் நல்லது என்று சொல்லும், ஷீல்டு போயே போயிருக்கும். முறுக்கியதும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, அதன்மேல் சாதா டேப். செம்பையும் அலுமினியத்தையும் எங்கேயும் நேரடியாகத் தொடவிடாதீர்கள்.

இனி முதல் தடை. கேபிள் டிவி கம்பிக்குள் 230-லிருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் சேனல்கள் ஓடுகின்றன. கம்பிக்குள் இருக்கும்வரை யாருக்கும் பாதகமில்லை. ஆனால் மாடி கைப்பிடிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஸ்ப்ளிட்டரும், மேலே சொன்ன வெள்ளை மாவுக் கனெக்டரும் சேர்ந்தால் அதுவே ஒரு டிரான்ஸ்மிட்டர். அனலாக் காலத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. இப்போது டிஜிட்டல் ஆனபின் அது இரைச்சல் மாதிரியே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கண்டுபிடிக்க ஒரே வழி, டோங்கிளை நொடிக்கு 2.4 மெகாசாம்பிளில் (ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் தெரியும்) வைத்து 225-லிருந்து 250 வரை மெதுவாக நகர்த்திப் பார்ப்பது. தட்டையான தலை, செங்குத்தான தோள், 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலம். அப்படி ஒரு மேடு 237-ஐ மூடியிருந்தால் அது கசிவு. அதன்மேல் எவ்வளவு பெரிய யாகி வைத்தாலும் கசிவும் சேர்ந்தே வளரும்.

அடுத்த வீட்டுக் கம்பியைப் போய் நாம் சரிசெய்ய முடியாது. செய்ய முடிந்தது இரண்டு. கேபிள்கள் சுவரை ஒட்டிப் படுக்கையாக ஓடுவதால் கசிவும் பெரும்பாலும் படுக்கை முனைவாக்கத்தில்தான் (அலை அதிரும் திசை) வருகிறது. யாகியைச் செங்குத்தாகத் திருப்புங்கள். கோள் புரண்டுகொண்டே இருப்பதால் நமக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். அடுத்து, டோங்கிள், லேப்டாப் பக்கமும் ஃபெரைட் போட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜர் இரைச்சல் கேபிளின் வெளித்தோல் வழியாக மேலேறி ஆன்டெனாவுக்குள்ளேயே நுழைகிறது.

ஃபெரைட் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பதில் பாதிக்கு மேல் என்ன கலவை என்று எழுதியிருக்காது. நானோவிஎன்ஏ-வின் இரண்டு போர்ட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியை வைத்து, ஃபெரைட் இல்லாமலும் கோர்த்தும் 237-ல் எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மற்றதற்குக் கடந்துபோகும் அளவு) பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் அது பவர் சப்ளைக்கானது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்படியே எஸ்.எம்.ஏ. கனெக்டரில் நடுவில் ஊசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். வைஃபைக்கான தலைகீழ் வகை திருகில் கச்சிதமாக உட்காரும், நடுவில் மட்டும் தொடர்பே இருக்காது.

இரண்டாவது தடைதான் பலரைத் திருப்பி அனுப்புகிறது. பலவீனமான சமிக்ஞை என்றால் எஃப்.எஃப்.டி.-யைப் பெரிதாக்கு என்பது வழக்கமான பாடம். பின் (எஃப்.எஃப்.டி. பிரிக்கும் ஒவ்வொரு சிறு அதிர்வெண் கட்டம்) அகலம் குறையக் குறைய இரைச்சல் குறையும், நிலையான கேரியர் (ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் அலை) மேலே எழும். எல்.இ.எஸ்-1 நிலையான கேரியர் இல்லை, அதனால் இந்தப் பாடம் இங்கே செல்லாது. கணக்கைப் பாருங்கள். 0.25 மெகாசாம்பிளில் 262144 எஃப்.எஃப்.டி. வைத்தால் பின் அகலம் சுமார் 1 ஹெர்ட்ஸ், வாட்டர்ஃபாலில் (நேரம் வரி வரியாக ஓடும் அதிர்வெண் படம்) ஒரு வரிக்கு 1 நொடிக்கு மேல். 4 நொடிப் புரளலில் நாலே வரி. அதற்குள் மின்னழுத்தம் ஏறி இறங்கி அதிர்வெண்ணே நகர்ந்துவிடுகிறது. தலைக்கு மேலே வரும்போது டாப்ளர் மட்டுமே நொடிக்கு 7, 8 ஹெர்ட்ஸ் நகர்த்துகிறது. இருக்கிற கொஞ்ச சக்தியும் பல பின்களில் சிதறி, வாட்டர்ஃபாலில் ஒன்றுமே தெரியாது.

16384-க்கு இறக்குங்கள். பின் அகலம் 15 ஹெர்ட்ஸ், வரிக்கு 65 மில்லிநொடி. இப்போது ஒவ்வொரு புரளலும் அறுபது வரி எடுக்கும். சமிக்ஞை சாய்ந்து எழுந்து, கொஞ்சம் நின்று, மங்கி அணைவது தனித்தனிக் கீற்றாகத் தெரியும். ஒரு கீற்றைப் பார்த்தால் சந்தேகம் வரும். வரிசையாக ஒரே இடைவெளியில் பத்துக் கீற்று விழுந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. டாப்ளர் வளைவு வேண்டுமென்றால் அதே பதிவை எஸ்.டி.ஆர்.எஃப். என்ற செயற்கைக்கோள் சமிக்ஞை ஆய்வு மென்பொருளில் 1 நொடி, 100 ஹெர்ட்ஸ் என்று தனியாக ஓட்டுங்கள். புரளல் மறைந்து வளைவு துலங்கும். ஒரே படத்தில் இரண்டையும் பார்க்க முயன்றால் இரண்டுமே கெடும். அதனால் நேரலையில் உட்கார்ந்து தேடாமல் மூலப்பதிவாகவே சேமித்துவிடுங்கள். 8 பிட்டில் 40 நிமிடத்துக்கு 1.2 ஜி.பி. ஆகும்.

மற்ற அமைப்புகள்: மையம் 236.950 மெகாஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் நடுவில் நிற்கும் டிசி முள் (டோங்கிளே உண்டாக்கும் போலிக் கோடு) சமிக்ஞையின் மேலேயே உட்காரும். ஏ.ஜி.சி. (தானியங்கிக் கெயின்) வேண்டாம். எல்.என்.ஏ.-வை ஆன்டெனா அடியிலேயே, எஃப்.எம். ஃபில்டருக்குப் பின்னால் வையுங்கள். கெயினை உச்சத்தில் விடாமல், எல்.என்.ஏ.-க்கு மின்சாரம் கொடுத்ததும் இரைச்சல் தளம் 10 டெசிபெல் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் 237 ஹெர்ட்ஸ் பிசகு, மாடிச் சூட்டில் மலிவு டோங்கிள் இதைவிட அதிகம் அலையும், டி.சி.எக்ஸ்.ஓ. (சூட்டில் அதிகம் அலையாத கடிகாரம்) உள்ளதை இருபது நிமிடம் சூடாக்கி, 2ஜி கோபுரத்தை வைத்து கலிப்ரேட் செய்தபின் தொடங்குங்கள்.

எப்போது கேட்பது? செயற்கைக்கோள் பட்டியலில் இதன் எண் 1002. சுற்றுக்காலம் ஏறக்குறைய 145 நிமிடம், சாய்வு 32 டிகிரி. நமக்கு நல்ல உயரத்தில் வரும்போது ஒரு கடப்பு 40 நிமிடம் நீடிக்கும். அடிவானத்தில் 6,500 கி.மீ. தூரத்தில் இருப்பது உச்சியில் 2,800-க்கு வருவதால் 7 டெசிபெல் கூடுகிறது. டாப்ளர் மேலும் கீழும் 3.5 கிலோஹெர்ட்ஸ் அளவு. காற்றுராய்வு இல்லாத உயரம், ஆகவே ஒரு வாரப் பழைய டி.எல்.இ.-யும் (சுற்றுப்பாதைத் தரவு) போதும்.

ஆனால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பகலில் இரைச்சல். இரவு சுமார் 9-லிருந்து 3 வரை தலைக்கு மேல் வரும்போது கோள் பூமியின் நிழலில் இருக்கும். மின்சாரம் இல்லை, சத்தமும் இல்லை. ஜிபிரெடிக்ட் (கோள் வரும் நேரத்தைக் கணிக்கும் மென்பொருள்) கடப்பு விவரத்தில் கிரகணம் என்று காட்டும் வரிகளைத் தள்ளிவிடுங்கள். விடியற்காலை 3-லிருந்து 6 வரைதான் பொற்காலம்: மேலே வெயில், கீழே வீடுகள் அடங்கியிருக்கும். 2 மணி வாக்கில் வருகிற கடப்பையும் விடாதீர்கள். மேற்கிலும் உச்சியிலும் ஒன்றும் இருக்காது; நிழலைத் தாண்டியதும் கடல் பக்கம் கீழ்வானில் திடீரென்று முளைக்கும். அந்த நொடியை மென்பொருள் சொல்லும் நிழல்விடும் நேரத்தோடு ஒப்பிட்டால் இதைவிட நல்ல அடையாளச் சான்று கிடையாது. உள்ளூர்க் கோளாறுக் கோடு எதுவும் நிழலைப் பார்த்து அணையாது.

யாகியைக் கேமரா முக்காலியில் மாட்டிக் கையால் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்பினால் போதும், கற்றை அவ்வளவு அகலம். ரொட்டேட்டர் தேவையே இல்லை.

செங்குத்து, படுக்கை என்று இரண்டு யாகியை ஒரே பூமில் குறுக்காக வைத்து, இரண்டு டோங்கிளில் ஒரே சமயம் பதிவது இன்னும் பாக்கி. ஒரே கடிகாரத்தில் இரண்டையும் ஓட்டினால் புரளலின் அச்சைக் கொஞ்சமாவது ஊகிக்கலாம். அதற்குள் எல்.இ.எஸ்-5 இழுக்கிறது. 1967 ஜூலையில் ஏவியது, 2020-ல் கனடாவின் ஸ்காட் டில்லி 236.749 மெகாஹெர்ட்ஸில் கண்டுபிடித்தது. 2018-ல் நாசாவின் தொலைந்துபோன இமேஜ் செயற்கைக்கோளைக் கண்டதும் அவரேதான். எல்.இ.எஸ்-5 சுமார் 33,000 கி.மீ. உயரத்தில் நகர்ந்துகொண்டே நம் வானத்துக்கும் வந்து போகிறது. எல்.இ.எஸ்-1-ஐவிட 20 டெசிபெல் வரை தூர இழப்பு கூடும். அங்கே டாப்ளர் மெதுவாக நகர்வதால், பெரிய எஃப்.எஃப்.டி. என்ற பழைய பாடம் திரும்பச் செல்லுபடியாகும். பூமை இரண்டு மீட்டருக்கு நீட்டி ஏழு எலிமென்ட் ஆக்கலாம் என்று எண்ணம். கடலூர்ப் பக்கம் திறந்தவெளி மாடி உள்ளவர்கள், கேபிள் கம்பி அருகில் இல்லாவிட்டால், மூன்று எலிமென்டிலேயே ஒரு கை பார்த்துச் சொல்லுங்கள். இரைச்சல் தளத்தின் படத்தையும் 225-லிருந்து 250 வரை எடுத்து அனுப்பினால் ஒப்பிட உதவும்.